ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர்

ஆம்பூரில் பாலாற்றுப் பக்கம் இருந்த அந்தத் தெருவில் "பட்டம்மாள் வீடு எது?" என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். "கெங்கம்மா வீடு" என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும். இத்தனைக்கும் கெங்கம்மாள் செத்து ஏழு வருஷம் ஆகப் போகிறது. விஷக்காய்ச்சல் வீடு வீடாகப் புகுந்து ஆளை வாரிக்கொண்டு போன அந்த ஐப்பசியில் அவளும் போய்ச் சேர்ந்தாள். அடுத்த வருஷமே அதே வீட்டில், அதே அடுப்புக்கு முன்னால் இளையாளாகப் பட்டம்மாள் வந்து உட்கார்ந்தாள். வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவள் இவள், வீடு மட்டும் செத்தவள் பேரில். ஊர் வாய்க்கு வெட்கம் என்பதே கிடையாது.

புருஷன் சுந்தரமூர்த்தி ஒரு தோல் ஷாப்பில் பட்டைக் கிடங்கு மேஸ்திரி. தோல் பதனிடும் இடத்தை ஆம்பூர்க்காரர்கள் ஷாப்பு என்றுதான் சொல்வார்கள். கலவை ஊர்ப் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும் ஆவாரம்பட்டையைக் காயவைத்து, இடிக்கச் சொல்லி, தோல் ஊறும் தொட்டிகளுக்கு அனுப்புவது அவன் பொறுப்பு. நல்ல மனுஷன்தான். குடி கிடையாது, கைநீட்டுகிற வழக்கம் கிடையாது. பட்டம்மாளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. கொஞ்சிப் பேசியதும் இல்லை. "இந்தா, சோறு போடு." "இந்தா, வெளக்க ஏத்து." அவன் வாயில் அவளுக்கு இருந்த பெயர் அந்த 'இந்தா'தான். மூத்தாளை மட்டும் "கெங்கா" என்று அவன் கூப்பிட்டால் தெருக்கோடி வரைக்கும் கேட்குமாம். இதைப் பட்டம்மாளிடம் மெனக்கெட்டு வந்து சொல்லாத பெண் அந்தத் தெருவில் ஒருத்தி இல்லை.

அவளுக்கு இருந்த ஆசை பெரிய ஆசையொன்றும் இல்லை. நகையா நட்டா? அவன் தன் முகத்தைப் பார்த்து, ஒரு பெண்டாட்டியிடம் பேசுவதுபோலப் பேச வேண்டும். சிரிக்க வேண்டும். அவ்வளவுதான். அது கிடைக்காமலே ஆறு வருஷம் ஓடிவிட்டது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வீட்டில் அவளை அவளாகப் பார்த்தது ஒரே ஒரு ஜீவன். கெங்கம்மாள் பெற்ற பெண் எல்லம்மா. தாய் செத்தபோது அதற்கு நடைகூடச் சரியாக வரவில்லை. தாய் முகம் நினைவில் இல்லை. "சித்தி, சித்தி" என்று பட்டம்மாளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வளர்ந்த பெண். தலை வாரினாலும் சித்தி, காய்ச்சலென்றாலும் சித்தி, தெருவில் யாராவது அடித்தாலும் அழுதுகொண்டு ஓடிவருவது சித்தியிடம். வேறு யாராவது ஊட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும்.

இளையாளாக வாழ்க்கைப்பட்டவளுக்குச் சில முறைகள் உண்டு. தீபாவளிக்குப் புடவை எடுத்தால் முதலில் மூத்தாளுக்குப் படைத்துவிட்டுத்தான் இவள் உடுத்த வேண்டும். மாசியில் ஒரு நாள் குடும்பத்தோடு பாலாற்றுக்குப் போக வேண்டும். பாலாற்றில் தண்ணீர் எங்கே ஓடுகிறது? மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்கும். அந்த ஊற்றுக்குப் பக்கத்தில் மஞ்சள் பூசிய செம்பை வைத்து, பூச்சுற்றி, வேப்பிலை செருகி, பம்பைக்காரர்கள் முழக்க, செத்தவளைப் பெயர் சொல்லித் தண்ணீரிலிருந்து கூப்பிடுவார்கள். சுமங்கலியாகப் போனவள் பூவாடைக்காரி. பூவும் ஆடையும் வைத்து அவளை வருஷா வருஷம் வீட்டுக்கு அழைத்து வந்தால்தான் குடும்பம் விளங்கும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. வருகிறவள் யார் மேலாவது இறங்கிக் குறையைச் சொல்வாள். கெங்கம்மாள் எப்போதும் இறங்கியது மூர்த்தியின் அக்கா கோவிந்தம்மாள் மேல். கேட்டதும் சுலபமாகத்தான் கேட்டாள். ஒரு வருஷம் புடவை, ஒரு வருஷம் வளையல், ஒரு வருஷம் கோழிக்குழம்பு. கோவிந்தம்மாளுக்கும் கோழிக்குழம்பு என்றால் உயிர், ஆனால் அதை யாரும் எடுத்துப் பேசவில்லை.

இந்த வருஷம் பம்பைச் சத்தம் உச்சத்துக்குப் போனபோது மணலில் விழுந்தது பட்டம்மாள்.

அவளுக்கு நினைவிருந்ததெல்லாம் முழங்காலில் பட்ட ஊற்று நீரின் சில்லிப்பு மட்டும். மற்றதெல்லாம் பிறர் சொல்லித் தெரிந்தது. "யாரும்மா வந்திருக்கிறது?" என்று பம்பைக்காரர் கேட்டாராம். "கெங்கா" என்று பதில் வந்ததாம். என்ன குறை என்று கேட்டதும், கூட்டத்தில் மூர்த்தி நின்ற இடத்துக்கு நேராகப் போய் நின்றுகொண்டாளாம்.

"ரயிலேத்துறேன்னு சொன்னியே. காஞ்சிபுரம் காட்டுறேன், பட்டணம் காட்டுறேன், சமுத்திரம் காட்டுறேன்னியே. நான் பொட்டியெல்லாம் கட்டி வச்சினு ஒக்காந்திருந்தேனே. இன்னா ஆச்சு?"

மூர்த்தி கையிலிருந்த செம்பைத் தவறவிட்டான். ஏழு வருஷத்துக்கு முந்திய அந்த ஐப்பசியில் அவனும் கெங்கம்மாளும் ரயில் பயணம் ஒன்று திட்டம் போட்டிருந்தது உண்மை. பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. புறப்பட இருந்த வாரத்தில்தான் காய்ச்சல் வந்தது. அக்கா ஏதாவது சொல்வாளே என்று பயந்து அந்தத் திட்டத்தை அவர்கள் இருவரும் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

இது பட்டம்மாளுக்கு எப்படித் தெரிந்தது? அவளே பல நாள் உட்கார்ந்து யோசித்தாள். போன வருஷம் அவன் ஜுரத்தில் பிதற்றியபோது காதில் விழுந்திருக்கலாம். விழாமலும் இருந்திருக்கலாம். நடித்தாள் என்று பின்னால் சிலர் பேசினார்கள். அந்த மணலில் நின்று பம்பைச் சத்தம் எலும்புக்குள் இறங்குவதை அனுபவித்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். பேசியவர்களுக்கு வேறு வேலையில்லை.

கோவிந்தம்மாள் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "கேட்டத செய்யணும்டா மூர்த்தி. ஆச தீராம வீட்ட சுத்தினு இருக்கிறா. இவ மேல எறங்கிக் கேட்டா, இவ மேலதான் வருவா. ரயில்ல கூட்டினு போ. காஞ்சிபுரத்துல அம்மனுக்கு அர்ச்சன பண்ணு. கடைசியில சமுத்திரத்துல கால வச்சி, போதுமான்னு மூணு தரம் கேளு. போதும்னு சொல்லிட்டான்னா குளிர்ந்து போயிடுவா. அப்புறம் யார் மேலயும் வரமாட்டா."

மூர்த்தி தலையாட்டினான். மூன்று வாரம் கழித்து ரம்ஜானுக்கு முதலாளி சாயபு ஷாப்பை மூடுவார், அப்போது புறப்படுவது என்று முடிவாயிற்று. மூர்த்தி, பட்டம்மாள், எல்லம்மா மூன்று பேர். கெங்கம்மாளைச் சேர்த்தால் நாலு பேர்.

மறுநாள் சாயங்காலம் அவன் ஷாப்பிலிருந்து வரும்போது மேல்துண்டில் ஒரு பிடி ஆவாரம்பட்டையை முடிந்து எடுத்து வந்தான். அடுப்பங்கரையில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவன் அடுப்பங்கரைக்குள் வந்து உட்கார்ந்ததே அதுதான் முதல் தடவை. பட்டைத் துண்டுகளைத் தரையில் ஒவ்வொன்றாக வைத்தான்.

"இது ஆம்பூர். இது காட்பாடி. இது வாலாஜா ரோடு. அரக்கோணத்துல எறங்கி சின்ன லைன் வண்டி ஏறணும். இது காஞ்சிபுரம். இது செங்கல்பட்டு. அங்கேந்து எழும்பூர். திரும்பும்போது சென்ட்ரல்லேந்து நேரா இங்க." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். "அரக்கோணத்துல கூட்டமா இருக்கும். நீ கூட்டத்தக் கண்டா மிரண்டு ஓடுவ. என் துண்டப் புடிச்சிக்க. இன்னா, கேக்குதா?"

கூட்டத்தைக் கண்டு மிரளுகிறவள் பட்டம்மாள் இல்லை. சோளிங்கர் திருவிழாக் கூட்டத்தில் தனியாகப் போய் வந்தவள் அவள். ஆனாலும் அவன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்தான். பட்டம்மாளுக்கு உடம்பு முழுவதும் சூடாகிவிட்டது. "கேக்குது" என்றாள். தப்பு என்று தெரிந்தே சொன்னாள். பசித்தவள் யார் வீட்டுச் சோறு என்றா கேட்பாள்?

அதன்பிறகு தினமும் சாயங்காலம் அடுப்பங்கரையில் ரயில் ஓடியது. பட்டைத் துண்டுகளை நகர்த்துவான், கலைப்பான், மறுபடி வைப்பான். காஞ்சிபுரத்தில் எந்தச் சத்திரம், செங்கல்பட்டு ஏரியை எந்தப் பக்கத்து ஜன்னலில் பார்ப்பது, வழியில் என்ன தின்பது என்று வாய் ஓயாமல் பேசினான். ஆறு வருஷமாக அவனுக்குள் இத்தனை பேச்சு எங்கே இருந்தது என்று பட்டம்மாள் ஆச்சரியப்பட்டாள். அவளும் பேசினாள். சில சமயம் அவன் சொல்வதற்கு முன்பே அவள் வாயில் பதில் வந்து நின்றது. அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பக்கத்து வீட்டுக் குர்ஷித் அடிக்கடி பட்டணம் போய் வந்தவள். அவள் அண்ணன் சர்தார் பாஷா பெரியமேட்டில் ஒரு தோல் மண்டியில் இருந்தான். மண்டிக்குப் பின்னால் ஒரு அறை காலியாக இருக்கிறது, அங்கே தங்கிக்கொள்ளலாம் என்று அவள்தான் ஏற்பாடு செய்தாள். கூஜாவில் தண்ணீர் கொண்டு போ, வண்டி நின்றால்தான் இறங்கு, நகையை முடிச்சில் வை என்று புத்தி சொல்லிக்கொண்டே இருந்தவள் ஒரு நாள் பேச்சை நிறுத்திவிட்டுப் பட்டம்மாளை உற்றுப் பார்த்தாள்.

"இன்னா பட்டம்மா, ஆளே மாறிப் போய்ட்ட?"

"கெங்கம்மாவத்தானே கூட்டினு போறாங்க."

"அவங்க பேர்ல போங்க, வேணாங்கல. ஆனா ரயில்ல ஒக்காரப் போறது நீ. தல நொந்தா ஒனக்குத்தான் நோவும். இந்த பேஜாரெல்லாம் ஜாஸ்தியா வச்சிக்காத."

குர்ஷித் சொன்னது சரி. ஆனால் வீட்டில் நடந்த ஏற்பாடுகள் அதற்கு நேர்மாறாக நடந்தன. கெங்கம்மாளின் அரக்குப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டார்கள். பயணத்தில் அதைத்தான் கட்ட வேண்டும். கெங்கம்மாளுக்குத் தாழம்பூ என்றால் உயிர், அதனால் தலையில் தாழம்பூ. பட்டம்மாளுக்கு அந்த வாசனை பட்டாலே மண்டையிடி. கெங்கம்மாள் கத்தரிக்காய் தொடமாட்டாள், அதனால் ஆம்பூர் முழுக்க முள்ளுக் கத்தரிக்காய் குவிந்து கிடந்த அந்தப் பருவத்தில் அந்த வீட்டில் மட்டும் கத்தரிக்காய் இல்லை. கட்டுச்சோற்றுப் புளிசாதத்தில் வெல்லம் போட வேண்டும் என்று சொல்லக் கோவிந்தம்மாள் வந்தபோது பட்டம்மாள் ஏற்கெனவே வெல்லத்தைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யார் சொன்னா ஒனக்கு?" என்றாள் கோவிந்தம்மாள்.

யாரும் சொல்லவில்லை. அதைவிட ஒரு காரியம் நடந்தது. ஒரு காலையில் தலைவாரச் சீப்பைத் தேடியபோது அவள் கை தானாகப் போய் உத்திரத்துக்கு மேலே, கூரைக்கும் சுவருக்கும் இடையில் இருந்த இடுக்கில் நுழைந்தது. அங்கே ஒரு மரச்சீப்பு இருந்தது. அப்படி ஒரு சீப்பு அந்த வீட்டில் இருப்பதே அவளுக்குத் தெரியாது. பல்லில் நீளமான தலைமுடி சிக்கியிருந்தது. பட்டம்மாள் அதை அப்படியே வைத்துவிட்டு, கையைச் சாம்பல் போட்டுக் கழுவினாள். இரண்டு தடவை கழுவினாள்.

அவளுக்கென்று ஒரே ஒரு காரியம் கேட்டுப் பார்த்தாள். காவேரிப்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் அவள் தங்கை வாழ்க்கைப்பட்டிருந்தாள். பட்டம்மாளின் கல்யாணத்துக்குப் பிறகு அக்காளும் தங்கையும் பார்த்துக்கொண்டதே இல்லை. வாலாஜா ரோட்டில் இறங்கினால் ஒரு வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்துவிடலாம்.

"வழியில ஒரு வேளதான் அண்ணி" என்று கோவிந்தம்மாளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

கோவிந்தம்மாள் நிஜமாகவே புரியாமல் விழித்தாள். "காவேரிப்பாக்கத்துல கெங்காவுக்கு யார் இருக்காங்க?"

மூர்த்தி பட்டைத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாலாஜா ரோட்டுத் துண்டை எடுத்துச் சற்றுத் தள்ளி வைத்தான். பட்டம்மாள் அதற்குப் பிறகு தங்கையைப் பற்றிப் பேசவில்லை.

டிக்கெட் விஷயத்தில்தான் பெரிய வழக்கு வந்தது. மூர்த்திக்கு மனசாட்சி உறுத்தியது. கெங்காவைக் கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டு அவளுக்கு டிக்கெட் எடுக்காமல் போனால் அது ரயில்வேயையும் ஏமாற்றுவது, அவளையும் ஏமாற்றுவது அல்லவா? கோவிந்தம்மாள் வேண்டாம் என்றாள், இவன் வேண்டும் என்றான். கடைசியில் ஆம்பூர் ஸ்டேஷனுக்கே போய்ச் சன்னல் வழியாக டிக்கெட் குமாஸ்தாவிடம் கேட்டுவிட்டான். ஒருத்தர் மேலே இன்னொருத்தர் இறங்கி வருவதாக இருந்தால் எத்தனை டிக்கெட் எடுக்க வேண்டும்? குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு அவனைப் பார்த்தார். "ஒடம்புக்குத்தான்யா டிக்கெட்" என்றார். அந்த மூன்று வாரத்தில் யாராவது பேசிய ஒரே உருப்படியான பேச்சு அதுதான். ஆனால் மூர்த்தி அதைக் கொண்டுவந்து வீட்டில் சந்தோஷமாகச் சொன்னபோது பட்டம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைக் கிளறினாள். டிக்கெட் அவள் உடம்புக்கு. பயணம் வேறொருத்திக்கு.

புறப்படுவதற்கு முதல் நாள் கோவிந்தம்மாள் எல்லம்மாளை நிறுத்தி வைத்துச் சொன்னாள். "ஊருக்குப் போய் வர்ற வரைக்கும் இவள அம்மான்னுதான் கூப்புடணும். சித்தின்னு கூப்புட்டா ஒங்கம்மாவுக்குக் கோவம் வரும், தெரிதா?" எல்லம்மா பட்டம்மாளை நிமிர்ந்து பார்த்தாள். அரக்குப் புடவை, தாழம்பூ, நெற்றியில் கெங்கம்மாள் வைப்பதுபோல அகலப் பொட்டு. அவள் அம்மா என்றும் கூப்பிடவில்லை, சித்தி என்றும் கூப்பிடவில்லை. கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள்.

ரயில் ஆம்பூரை விட்டுக் கிளம்பியதும் மூர்த்தி சின்னப் பையன்போல ஆகிவிட்டான். "கெங்கா, அங்க பாரு மல." "கெங்கா, பாலாறு பாரு, மணல் எப்டி மின்னுது." பெட்டியில் இருந்தவர்கள் புருஷனும் பெண்டாட்டியும் எத்தனை அந்நியோன்னியம் என்று பார்த்தார்கள். ஒரு கிழவர் எல்லம்மாளிடம், "ஒங்க நைனாவுக்கு ஒங்கம்மா மேல ரொம்பப் பிரியம் போல" என்றார். எல்லம்மா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாலாஜா ரோட்டில் வண்டி நின்றது. பட்டம்மாள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தைப் பார்த்தாள். தங்கை வந்து நிற்கப் போவதில்லை, அவளுக்குச் சேதியே தெரியாது. ஆனாலும் கூடையோடு நடந்த ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தாள். தங்கை இப்போது எதிரில் வந்தால் இந்தப் புடவையில், இந்தப் பொட்டில் தன்னை அடையாளம் கண்டுகொள்வாளா என்று ஒரு எண்ணம் வந்தது. வண்டி நகர்ந்துவிட்டது.

காஞ்சிபுரத்தில் அம்மனுக்கு அர்ச்சனை செய்யும்போது குருக்கள் பெயர் கேட்டார். மூர்த்தி தயங்காமல் "கெங்கம்மாள்" என்றான். குருக்கள் பட்டம்மாளைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லிப் பிரசாதம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். சத்திரத்து முற்றத்தில் கட்டுச்சோற்றைப் பிரித்து, உருட்டி, எப்போதும்போல எல்லம்மாளின் வாயருகே கொண்டுபோனாள். குழந்தை பின்னுக்கு நகர்ந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டது.

"இன்னாடி கண்ணு, சாப்புடு."

எல்லம்மாளின் கண்ணில் நீர் முட்டி நின்றது. தலையை ஆட்டினாள். பிறகு இலையில் இருந்ததைத் தானே எடுத்துத் தின்றாள். பட்டம்மாள் குழந்தையை இழுத்து அணைத்து, "நான்தான்டி" என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து மூர்த்தி, "கெங்கா, வெல்லம் தூக்கலா இருக்குது, நீ அப்போ செஞ்ச மாதிரியே" என்றான். அவள் அவன் பக்கம் திரும்பிச் சிரித்தாள். இதை அவள் பின்னால் எத்தனையோ தடவை நினைத்து நினைத்து வேதனைப்பட்டாள்.

செங்கல்பட்டு ஏரி வந்தது, போயிற்று. எழும்பூர் வந்தது. பெரியமேட்டு மண்டி அறையில் சர்தார் பாஷா ரம்ஜான் பாயசம் கொடுத்து உபசரித்தான். குர்ஷித் அவனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள் போலிருக்கிறது. "வாங்க பட்டம்மாக்கா" என்றான். பட்டம்மாளுக்கு ஒரு வினாடி அது தன் பெயர் என்றே படவில்லை. அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகுதான் பகீரென்றது.

மறுநாள் வெயில் தாழ்ந்த பிறகு சமுத்திரக்கரைக்குப் போனார்கள்.

பட்டம்மாள் சமுத்திரத்தைப் பார்த்ததே இல்லை. காவேரிப்பாக்கம் ஏரியைத்தான் பெரிய தண்ணீர் என்று நினைத்திருந்தாள். இதற்கு அக்கரையே இல்லை. அலை வந்து காலடி மணலைப் பறித்துக்கொண்டு போனபோது அவள் தன்னையறியாமல் மூர்த்தியின் கையைப் பிடித்தாள். அவன் கை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஆவாரம்பட்டைச் சாயம் ஏறிக் காய்த்துப் போன கை. ஆறு வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் அவன் அவள் கையைப் பிடித்தது அப்போதுதான். எல்லம்மா ஈரம் படாத மணலில் தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

மூர்த்தி அவளை முழங்கால் நனையும் வரை கூட்டிப் போனான். அக்கா சொல்லிக் கொடுத்தபடி கிழக்கே பார்த்து நிற்கவைத்தான்.

"கெங்கா" என்றான். "போதுமா?"

பட்டம்மாளுக்குச் சொல்ல வேண்டிய பதில் தெரியும். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் கெங்கம்மாள் குளிர்ந்து போய்விடுவாள். சீப்பும் தாழம்பூவும் வெல்லமும் எல்லாம் அவளோடு போய்விடும். அப்புறம்? ஆம்பூருக்குத் திரும்பும் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து வரப்போகிறவன் யார்? 'இந்தா' என்று கூப்பிடுகிற அந்த மேஸ்திரி. அடுப்பங்கரைக்குள் அவன் மறுபடி வரமாட்டான். சொல்லாவிட்டால் இவன் இப்படியே இருப்பான். பேசுவான், சிரிப்பான், கையைப் பிடிப்பான். அதில் எதுவும் பட்டம்மாளுக்குச் சேராது.

"போதுமா கெங்கா?"

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. அவன் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. கேட்பது வாய்தான், கண் வேறு சொல்லிற்று. சொல்லிவிடாதே, போய்விடாதே என்று கெஞ்சியது. ஒரு தடவை காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவளை இந்தத் தடவை தன் வாயாலேயே வழியனுப்ப வேண்டியிருக்கிறதே என்ற பயம் அந்த முகம் முழுக்க இருந்தது. ஒரு மனுஷன் இத்தனை பிரியத்தோடு தன்னைப் பார்த்து அவள் கண்டதில்லை. இனி காணப்போவதும் இல்லை.

மூன்றாவது தடவை அவன் கேட்டது அலைச் சத்தத்தில் கேட்கவே இல்லை. உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

"போதாது" என்றாள் பட்டம்மாள்.

இந்தத் தடவை அவள் மேல் யாரும் இறங்கவில்லை. பம்பையும் இல்லை, மயக்கமும் இல்லை. நல்ல நினைவோடு, தன் குரலில், தானேதான் சொன்னாள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மூர்த்தி தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான். அழுதான், அழுதுகொண்டே சிரித்தான். "எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் கெங்கா. நீ அவ்ளோ சுலுவா போயிடுவியா? அடுத்த ரம்ஜானுக்கு மைசூரு போலாம். வருஷா வருஷம் போலாம்." எழுந்து வேட்டியைப் பிழிந்துகொண்டு, கரையில் கடலை வறுத்துக்கொண்டிருந்தவனை நோக்கித் துள்ளலாக நடந்தான்.

பட்டம்மாள் கரையேறி மணலில் உட்கார்ந்தாள். கெங்கம்மாள் எங்கேயோ நின்று தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல முதுகு கூசிற்று.

எல்லம்மா மெள்ள வந்தாள். ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவளாகக் கிட்டே வந்தது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் தூரத்திலேயே நின்று, பட்டம்மாளின் முகத்தை, பொட்டை, தாழம்பூவை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு குனிந்து, நைனாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல அவள் காதுக்குப் பக்கத்தில் வந்து கேட்டாள்.

"சித்தி, நீ எப்ப திரும்பி வருவ?"

பட்டம்மாள் குழந்தையின் கையைப் பிடிக்கப் போனாள். குழந்தை கையைக் கொடுக்காமல் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

"கெங்கா" என்று கடலைக்காரனுக்குப் பக்கத்திலிருந்து மூர்த்தி கூப்பிட்டான்.

அவள் உடனே திரும்பிப் பார்த்தாள். எல்லம்மா அதைப் பார்த்தாள். பின்னால் நகர்ந்து, முன்பு நின்ற இடத்துக்கே போய் நின்றுகொண்டாள். பட்டம்மாள் எழுந்து மணலைத் தட்டிவிட்டு அவனிடம் போனாள்.